மேடைக்குப் பின்னால் ஒரு மனிதர்

மேடையில் முழங்குகிறவன் பெயரை ஊரே அறியும். பந்தற்கால் நட்டவன் பெயர்? ஒலிபெருக்கிக்குக் கம்பி இழுத்தவன் பெயர்? கேட்பாருமில்லை, அவன் சொல்லிக்கொள்வதுமில்லை! அப்படியொரு மனிதரைக் காண, தோழர்களை இன்று அமெரிக்க நாட்டு மெம்பிஸ் நகருக்கு அழைத்துச் செல்கிறோம்.

மெம்பிஸ் என்றதும் நம் நெஞ்சில் நெருப்பாய் எழுவது 1968. பிப்ரவரித் திங்கள் முதல் நாள், கொட்டும் மழையில் ஒதுங்க வேறிடமின்றிக் குப்பை வண்டிக்குள் ஒதுங்கிய கருப்பினத் துப்புரவுத் தொழிலாளர் இருவரை, வண்டியின் பொறியே நசுக்கிக் கொன்றது. வெகுண்டெழுந்தனர் தொழிலாளர், ஏறத்தாழ 1300 பேர். கூலி உயர்வு கேட்டனர். அதனினும் பெரிதாக ஒன்றும் கேட்டனர். 'நான் மனிதன்' என்று அட்டையில் எழுதி ஏந்தி, துப்பாக்கி முனைகளுக்கு நடுவே நடந்தனர்! அவர்களுக்குத் தோள்கொடுக்க வந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4ஆம் நாள் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

மனிதன் என்பதையே அட்டையில் எழுதிக் காட்ட வேண்டியிருந்த அந்த நகரிலேதான், பழைய படக்கொட்டகை ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக்கிய இடத்தில், ஒரு கருப்பர் மற்றவர்க்கெல்லாம் தாளம் சொல்லிக்கொண்டிருந்தார். வில்லி மிட்செல் அவர் பெயர். 1928இல் மிசிசிப்பி மாநிலத்து ஆஷ்லாந்தில் பிறந்தவர். டிரம்பெட் ஊதிப் பிழைத்தவர். 'ஹை' என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் வாத்தியக்காரராக நுழைந்து, 1970 வாக்கில் அங்கே இசைப் பொறுப்பு முழுவதையும் தம் கைக்குக் கொண்டுவந்தவர். நிறுவனம் தொடங்கியவர்கள் வெள்ளையர் என்பதை மறந்துவிட வேண்டாம்!

'சோல்' என்பது கருப்பின மக்களின் வழிபாட்டுப் பாட்டு உருக்கமும் வயற்காட்டுத் துயரமும் கலந்து பிறந்த இசை. அதிலே கத்தினால்தான் கேட்பார்கள் என்ற எண்ணம் பலருக்கு. 1960களின் இறுதியில் டெக்சாஸ் மாநிலத்து மிட்லாண்டில் மிட்செல் சந்தித்த இளைஞர் ஆல் கிரீனுக்கும் அதே எண்ணம்தான். புகழ்பெற எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டாராம். ஒன்றரை ஆண்டு என்றாராம் மிட்செல். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்றாராம் இளைஞர். அவசரம், பாடகர்களுக்கு மட்டுமா உண்டு?

மிட்செல் அவரைக் கத்தவிடவில்லை. குரலைத் தாழ்த்து, மென்மையாகப் பாடு என்று மீண்டும் மீண்டும் பாடவைத்தார். மல்லுக்கு நின்றார் இளைஞர், விட்டுக்கொடுக்கவில்லை வித்தகர். ஹாட்ஜஸ் உடன்பிறப்புகள் மூவர்: டீனி கிதாரில், லெராய் பேஸ் கிதாரில், சார்லஸ் ஆர்கனில். இவர்களை இளமையிலேயே அழைத்துப் பழக்கியவர் மிட்செல். டிரம்ஸ் அதட்டாது, அடிமனத்தில் தட்டும். ஊதுகருவிகள் ஓரிரு சொல் பேசி ஒதுங்கும். நடுவே பாடகனின் மூச்சுக் காற்றும் கேட்கும்! கொட்டகையின் சரிந்த தரையைக்கூட அவர் சமன் செய்யவில்லை. அந்தக் கூடத்து ஓசைக்கு அதுவும் துணை என்று கருதினார்.

1972 பிப்ரவரியில் 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' அமெரிக்கப் பாட்டுப் பட்டியலின் தலைக்கு ஏறியது. வெள்ளையர் வீட்டு வானொலியிலும் அதே குரல்! மறு ஆண்டு, ஆன் பீபிள்ஸ் என்ற பெண்மணியின் மழைப் பாட்டும் அதே கூடத்திலிருந்து வந்தது. பிறகு ஆல் கிரீன் மெம்பிஸிலேயே திருச்சபை ஒன்றின் போதகரானார். அது அவர் வழி. நம் வழி வேறு என்பது தோழர்கள் அறிந்ததே. 1977இல் நிறுவனமும் கைமாறியது. மிட்செலோ கொட்டகையைக் கைவிடவில்லை.

பாடியவரை உலகமே அறிந்தது. பாடவைத்தவரை? மெம்பிஸ் நகரம் 2004இல் அந்தக் கூடத்துத் தெருவுக்கு அவர் பெயரைச் சூட்டியது. 2010 ஜனவரி 5இல் அவர் மறைந்தார். அன்று கிரீன் பாடிய ஒலிவாங்கியின் மேல் எழுதியிருப்பது பெயரல்ல, வெறும் எண்: ஒன்பது.