கணுக்கள் சொல்லும் கணக்கு

குடல் நலம் – 14

“கட்டி இரண்டு சென்டிமீட்டர்தானே டாக்டர், அதுக்கு ஏன் ஒரு அடி குடலை எடுக்கணும்?” பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை என்றதும் குடும்பத்தார் கேட்கும் நியாயமான கேள்வி இது.

குடலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களை ஒட்டியே நிணநீர்ப் பாதையும் ஓடுகிறது. கட்டியிலிருந்து நழுவும் புற்றணுக்கள் பெரும்பாலும் குடலோர நிணநீர்க் கணுக்களில் முதலில் தங்கும். பிறகு குழாயோடு மேலேறி, அது பிரிகிற வேர்வரை போகும். அதனால் ரத்தக்குழாயை வேரிலேயே கட்டி அறுத்து, கணுக்கள் பொதிந்த கொழுப்பு மடிப்பை முழுசாக எடுக்கிறார்கள். ரத்தம் நின்றபின் அந்தக் குழாயை நம்பியிருந்த குடல் பிழைக்காது. ஒரு அடி போவது அதனால்தான்.

இந்தப் பாடம் எளிதில் கிடைத்ததல்ல. லண்டன் அறுவை நிபுணர் எர்னஸ்ட் மைல்ஸ் மலக்குடல் புற்றை ஆசனவாய்ப் பக்கமிருந்து மட்டும் அகற்றிவந்த காலத்தில், 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பியது. இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்தபோது, கத்தி எட்டாத மேல்பகுதியில் புற்று பரவியிருந்தது. 1908இல் வயிறு, ஆசனவாய் இரண்டு பக்கமும் திறந்து, கணுக்களோடு சேர்த்து எடுக்கும் முறையை அவர் வெளியிட்டார்.

அதன் பிறகும் பலருக்கு இடுப்புக்குழியில் நோய் மீண்டும் தலைகாட்டியது. காரணத்தை 1982இல் எடுத்துக்காட்டியவர் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகர நிபுணர் பில் ஹீல்ட். மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பைக் கைவிட்டுப் பிய்த்தெடுக்கும்போது அதன் துண்டுகள் உள்ளே தங்கிவிடுகின்றன. அந்தத் துண்டுகளில் புற்று இருக்கலாம். கொழுப்புக்கும் இடுப்புச் சுவருக்கும் நடுவே ரத்தக்குழாய் அதிகமில்லாத மெல்லிய இடைவெளி உண்டு. அதைக் கண்ணால் பார்த்தபடியே கத்தரித்துப் போனால், உறை கிழியாமல் முழுசாக வெளியே வரும். சிறுநீரையும் தாம்பத்தியத்தையும் ஆளும் நரம்புகள் பக்கத்திலேயே ஓடுவதால், அவற்றைக் காக்கவும் இதுவே வழி. பெருங்குடலுக்கும் இதே நெறியைக் கையாண்டு, 2009இல் ஜெர்மனியின் எர்லாங்கன் குழுவினர் நல்ல பலனை வெளியிட்டார்கள்.

வயிற்றைத் திறப்பதா, லேப்ராஸ்கோப்பா? 2004இல் வெளியான, 872 பெருங்குடல் நோயாளிகளைச் சேர்த்த வட அமெரிக்க ஆய்வில், நோய் திரும்புவதில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. தழும்பு சின்னதாகலாம், உள்ளே எடுக்க வேண்டியது குறையக் கூடாது.

எடுத்த குடல் அடுத்துப் போகுமிடம் பேத்தாலஜி மேஜை. ஃபார்மலினில் ஊறிய மஞ்சள் கொழுப்பை மெல்லிசாக அரிந்து, விரலால் நசுக்கித் தடவி, கடுகளவுக் கணுவையும் தேடி எடுக்கிறார்கள். குறைந்தது 12 கணுக்களாவது பார்க்கப்பட வேண்டும் என்பது உலகம் ஏற்ற அளவு. அதற்குக் குறைந்தால், ‘கணுவில் புற்று இல்லை’ என்ற சொல்லை முழுசாக நம்ப முடியாது. அறுவைக்கு முன்பே ரேடியேஷன் எடுத்த மலக்குடல் நோயாளிகளுக்கு மட்டும் எண்ணிக்கை குறைவது வழக்கம்.

ரிப்போர்ட்டில் 0/18 என்றிருந்தால், 18 கணுக்களைப் பார்த்ததில் ஒன்றிலும் புற்றில்லை. 2/18 என்றால், வேறு உறுப்புக்குப் பரவாதவரை அது மூன்றாம் நிலை. பெருங்குடல் நோயாளிக்கு உடல் தாங்குமென்றால் கீமோவை மருத்துவர் பெரும்பாலும் பரிந்துரைப்பார். அந்த ஒரு வரியைப் படிக்காமல் ஃபைலை மூடிவிடாதீர்கள். எத்தனை பார்த்தார்கள், எத்தனையில் இருந்தது என்று தயங்காமல் கேளுங்கள். அடுத்த கட்ட சிகிச்சையைப் பெரிதும் தீர்மானிக்கிற கணக்கு அது. கேட்பது நோயாளியின் உரிமை.

(அடுத்த வாரம்: கீமோ யாருக்கு, எத்தனை மாதம்?)