வெயிலை மூலதனமாகக் கொள்ளும் பயிர்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே, கோவை எல்லையை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் மழை குறைவு. வெயிலும் காற்றும் மிகுதி. நெல்லுக்குக் குறையாகும் அந்த வெயிலே நுண்பாசிக்கு முதன்மையான உரம்.

நுண்பாசி என்பது கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத நீர்வாழ் உயிரினம். சூரிய ஒளியையும் கரியமில வாயுவையும் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. ஒரு கிலோ உலர்பாசி உருவாக ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயு செலவாகிறது. ஸ்பைருலினாவின் உலர் எடையில் பாதிக்கு மேல் புரதம். அதன் நீல நிறமி இனிப்புகளுக்கும் ஐஸ்கிரீமுக்கும் வண்ணமூட்டுகிறது. உப்புநீரில் வளரும் டுனாலியெல்லா பீட்டா கரோட்டினையும், ஹீமட்டோகாக்கஸ் அஸ்டாசாந்தின் என்னும் செந்நிறப் பொருளையும் தருகின்றன.

இத்துறை தமிழகத்திற்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. அய்யங்கார் பாசியியலுக்கு அடித்தளமிட்டார். பின்னர்ச் சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்ரி, கிராம மக்கள் சிறு தொட்டிகளில் ஸ்பைருலினா வளர்க்கும் எளிய முறைகளை வகுத்தார். இன்று புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் அது வணிக அளவில் வளர்க்கப்படுகிறது.

வளர்ப்பு முறை எளிது. சுமார் இருபது சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில் சமையல் சோடா, உப்பு, தழை, மணிச்சத்துகள் கலந்த நீரில் தாய்ப்பாசியை விட்டுக் கலக்கிவர வேண்டும். நீரின் காரத்தன்மை மிகுந்திருப்பதால் பிற உயிர்கள் எளிதில் நுழைவதில்லை. முப்பது முதல் முப்பத்தைந்து டிகிரி வெப்பம் உகந்தது. ஸ்பைருலினா சுருள் இழையாக வளர்வதால் நுண்துணியில் வடித்தெடுத்து, கழுவி, பிழிந்து, மிகுந்த சூடின்றி உலர்த்தலாம். உருண்டை வடிவான குளோரெல்லாவை அவ்வாறு வடிக்க இயலாது; விலை கூடிய இயந்திரம் வேண்டும்.

இடுக்கியின் நிலை வேறு. மூணாறின் குளிரும் மூடுபனியும் ஸ்பைருலினாவுக்கு ஒவ்வா. மழைமறைவுப் பகுதியான மறையூரில் வெயில் ஓரளவு கிடைப்பினும், குளிர் இரவுகளில் வளர்ச்சி குன்றும். எவ்விடமாயினும், தென்மேற்குப் பருவமழை தொட்டிநீரை நீர்க்கச் செய்யாதிருக்க ஒளிபுகும் கூரை இன்றியமையாதது.

கடன் பெற எண்ணுவோர் முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து கிராம் உலர்பாசி எனக் கொண்டால், நூறு சதுர மீட்டர் தொட்டி தருவது அரை முதல் ஒரு கிலோ மட்டுமே. இதிலிருந்து சோடா, மின்சாரம், கூலி, உலர்த்தல், ஆய்வகச் சோதனை ஆகிய செலவுகள் கழியும். பாசி நீரிலுள்ள கன உலோகங்களை ஈர்க்கும் தன்மையுடையது. ஆதலால் கிணற்று நீரை முன்னரே சோதிப்பது கடமை. உண்பொருளாக விற்க உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும்.

மிகைப்படுத்திய விளம்பரமும் ஆகாது. ஸ்பைருலினாவில் உள்ள பி12 பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத வடிவினது. சைவ உணவினர் அதனை நம்பியிருத்தல் தகாது.

ஆகவே, பத்துச் சதுர மீட்டர் தொட்டியில் ஓராண்டுக் கோடையையும் மழையையும் கண்டபின், வாங்குவோரிடம் எழுத்துவழி உறுதி பெற்றபின், கடன் விண்ணப்பத்தை நிரப்புங்கள். விளைவிப்பதினும் விற்பதே கடினமான தொழில் இது. அந்தச் சிறு தொட்டியின் ஓராண்டுக் கணக்கேட்டை உடன் கொண்டுவந்தால், கிளை மேலாளரும் உங்கள் திட்டத்தைத் தெளிவாக மதிப்பிட இயலும்.