"பயர்பாக்ஸ் ஏற்கனவே இயங்குகிறது" பிழைச்செய்தி (லினக்ஸ்)

லினக்ஸ் போன்ற யுனிக்ஸ் வகை இயக்குதளங்களில் பயர்பாக்ஸ் உலாவியைத் திறக்கும்போது, சாளரம் வராமல், "பயர்பாக்ஸ் ஏற்கனவே இயங்குகிறது, ஆனால் பதிலளிக்கவில்லை" என்ற பொருளில் ஒரு செய்தி மட்டும் தோன்றுவது உண்டு. திரையில் எந்த உலாவிச் சாளரமும் இருக்காது. கணினியை மறுதொடக்கம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கணினியில் அதற்கு வழியில்லை. பூட்டுக் கோப்பை அழித்துவிட்டால் போதும் என்ற அறிவுரையும் பரவலாக உள்ளது. முதலில் செய்யக்கூடாதது அதுதான்.

பூட்டு எதற்கு?

புத்தகக்குறிகள், பார்த்த பக்கங்களின் வரலாறு, கடவுச்சொற்கள், நீட்சிகள் அனைத்தையும் பயர்பாக்ஸ் 'சுயவிவரம்' என்னும் ஒரே கோப்புறையில் வைக்கிறது. வழக்கமாக இது பயனரின் இல்லக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் மொசில்லா என்ற மறைகோப்புறைக்குள் இருக்கும். உபுண்டு 22.04 முதல் பயர்பாக்ஸ் 'ஸ்னாப்' பொதியாக வருவதால், அதில் சுயவிவரம் இல்லக் கோப்புறையிலுள்ள ஸ்னாப் கோப்புறைக்குள் இருக்கும். பழைய இடத்தில் தேடிக் களைத்தவர்கள் பலர்.

ஒரே சுயவிவரத்தில் இரண்டு பயர்பாக்ஸ்கள் ஒரே நேரத்தில் எழுதினால் உள்ளிருக்கும் தரவுத்தளங்கள் சிதையக்கூடும். அதைத் தடுக்கவே பூட்டு. லினக்ஸில் இது இரண்டு வகையில் போடப்படுகிறது. 'பேரன்ட்லாக்' என்ற மறைகோப்பின்மீது கெர்னல் வழியாக ஒரு பூட்டு வாங்கப்படுகிறது. கூடவே 'லாக்' என்ற குறியீட்டு இணைப்பு ஒன்றும் உருவாக்கப்படுகிறது. இந்த இணைப்பு எந்தக் கோப்பையும் சுட்டுவதில்லை. கணினியின் ஐபி முகவரியும் இயங்கும் செயல்முறையின் எண்ணும் மட்டுமே அதில் எழுதப்பட்டிருக்கும்.

செயல்முறை எப்படி முடிந்தாலும் கெர்னல் தன் பூட்டைத் தானாகவே விடுவித்துவிடும். மின்சாரம் போய்க் கணினி அணைந்து, 'லாக்' இணைப்பு மட்டும் எஞ்சியிருந்தாலும், அது காலாவதியானது என்பதைப் பயர்பாக்ஸ் பொதுவாகத் தானே கண்டுகொள்ளும். ஆகவே அந்தச் செய்தி வந்தால், பெரும்பாலும் பழைய பயர்பாக்ஸ் செயல்முறை ஒன்று சாளரம் இல்லாமல் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறது என்று பொருள். பூட்டை உடைத்துப் புதியதைத் திறப்பது, தடுக்க நினைத்த சேதத்தை நாமே வரவழைப்பதாகும்.

செயல்முறையைத் தேடுதல்

முனையத்தில் 'பிஎஸ்' கட்டளையால் செயல்முறைப் பட்டியலைப் பார்த்தால் பயர்பாக்ஸின் எண் தெரியும். 'லாக்' இணைப்பில் உள்ள எண்ணுடன் அதை ஒப்பிடலாம். பிறகு 'கில்' கட்டளையை எண்ணுடன் மட்டும் கொடுக்க வேண்டும். இது 15ஆம் சைகையை அனுப்பும். முடித்துக்கொள்ளும்படி கேட்பது போன்றது. சில நொடிகள் காத்திருந்தும் பயனில்லை என்றால் மட்டுமே 9ஆம் சைகை. இதைச் செயல்முறையால் மறுக்க முடியாது, ஆனால் எழுதிக்கொண்டிருந்ததை முடிக்கவும் அவகாசம் கிடைக்காது. எடுத்தவுடன் 9 கொடுக்கும் பழக்கம் நல்லதல்ல.

9க்கும் சாகாத செயல்முறையும் உண்டு. பட்டியலின் நிலைப் பத்தியில் 'டி' என்று இருந்தால், அது வட்டு அல்லது பிணையக் கோப்பமைப்பின் பதிலுக்காகக் கெர்னலுக்குள் காத்திருக்கிறது. அங்கே சரிசெய்ய வேண்டியது உலாவியை அல்ல, வட்டையோ பிணையத்தையோ.

கல்லூரி ஆய்வகங்களில் இல்லக் கோப்புறை பிணையம் வழியே எல்லாக் கணினிகளிலும் கிடைக்கும்போது இன்னொரு சிக்கல்: பயர்பாக்ஸ் வேறொரு கணினியில் திறந்தபடி இருக்கலாம். 'லாக்' இணைப்பிலுள்ள ஐபி முகவரி அந்தக் கணினியைக் காட்டிக்கொடுக்கும். அந்தக் கணினியே செயலிழந்துவிட்டது, பிணையத்தில் கெர்னல் பூட்டும் வேலை செய்யவில்லை என்றால், இணைப்பைக் கையால் அழிப்பது சரியே. எந்த முகவரியிலும் பயர்பாக்ஸ் ஓடவில்லை என்று உறுதியான பிறகு.

உயிரோடு எந்தச் செயல்முறையும் இல்லாமலும் உலாவி திறக்க மறுத்தால், கோப்புறையின் உரிமையைப் பார்க்க வேண்டும். எப்போதாவது பயர்பாக்ஸை 'சூடோ' மூலம் ரூட்டாக இயக்கியிருந்தால், சுயவிவரக் கோப்புகள் சில ரூட்டுக்குச் சொந்தமாகியிருக்கும். 'சோன்' கட்டளையால் அவற்றைத் திரும்பப் பெறலாம். வட்டு நிறைந்திருக்கிறதா என்பதை 'டிஎஃப்' காட்டும்.

இவை எதுவும் உதவாதபோது, சுயவிவர மேலாளரில் புதிய சுயவிவரம் ஒன்றை உருவாக்கிப் பார்க்கலாம். அது திறந்தால் கோளாறு பழைய சுயவிவரத்தில்தான். உடனே பழையதை அழித்துவிடக்கூடாது. புத்தகக்குறிகளின் காப்புப்படிகள் அதற்குள் தனிக் கோப்புறையில் இருக்கும். கடவுச்சொற்களை எடுக்க 'லாகின்ஸ்' கோப்பு மட்டும் போதாது. 'கீ4' என்ற திறவுகோல் கோப்பையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும். அது இல்லாமல் சேமித்த கடவுச்சொற்களைப் படிக்க முடியாது.