தேர்வுத் தோல்வியும் தன்னாய்வும்

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில், குனோங் லேடாங் அடிவாரத்திலுள்ள தங்காக் வட்டாரத் தோட்டங்களில் சில இல்லங்கள் மகிழ்ச்சியில் திளைக்கும். சில இல்லங்கள் மௌனத்தில் ஆழ்ந்திருக்கும். தோல்வியுற்ற மாணவன் வெளியே தலைகாட்ட நாணுகிறான். “படித்தது போதும், வேலைக்கு வா” என்று கூறிவிடும் பெற்றோரும் உளர். நாட்டின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்ட இக்காலத்தில், தோட்ட வேலையே என்றும் கைகொடுக்கும் என எண்ண இயலாது. ஓராண்டுத் தோல்வி வாழ்நாள் தோல்வியாகாமல் காக்க வல்லது தன்னாய்வு.

தன்னாய்வு என்பது யாது?

தன்னைத் தானே நொந்துகொள்வது தன்னாய்வன்று. “எனக்குப் படிப்பு வராது” என்பது தீர்ப்பு. “ஆசிரியர் சரியில்லை” என்பது பழி. நடந்தது என்ன, ஏன் நடந்தது, இனிச் செய்யவேண்டியது என்ன என்னும் மூன்று வினாக்களுக்கும் உண்மையான விடை தேடுவதே தன்னாய்வாகும்.

மரம் சீவும் பாட்டாளிகளுக்கு இது புதிதன்று. கத்தி ஆழமாகப் பாய்ந்தால் மரம் காயமுறும். அவ்விடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். அதற்காக மரத்தை வீழ்த்துவாரும் இல்லை. மறுமுறையும் அதே ஆழத்தில் சீவுவாரும் இல்லை. குறை கத்தியிலா, கையின் அழுத்தத்திலா, விடியற்கால இருளிலா என ஆராய்ந்து திருத்திக்கொள்கிறோம். படிப்பிலும் செய்யத்தக்கது இதுவே.

காரணத்தைப் பிரித்தறிதல்

எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியில் தேர்ச்சி கட்டாயம்; 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும். ஒரு மாணவன் வரலாற்றில் தோல்வியுற்றான் எனக் கொள்வோம். அவன் பாடத்தைப் படிக்காமல் இருந்திருக்கலாம். படித்தும் புரியாமல் இருந்திருக்கலாம். புரிந்தும் மலாய்மொழியில் எழுத இயலாமல் தவித்திருக்கலாம். எழுத இயன்றும் நேரம் போதாமல் போயிருக்கலாம். நோய் நான்கு, மருந்தும் நான்கு.

இவற்றைக் கண்டறிய எளிய வழி உண்டு. புத்தகத்தை மூடிவிட்டு ஒரு பாடத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கவேண்டும். தமிழிலும் சொல்ல வராவிடில், குறை பாட அறிவில் உள்ளது. தமிழில் சொல்லியும் மலாயில் எழுத வராவிடில், குறை மொழியில் உள்ளது. வீட்டில் எழுத முடிந்தும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுத முடியாவிடில், வேண்டியது பயிற்சியே.

மொழி இடர் நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. தமிழ்ப்பள்ளியில் பயின்று, மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதோர் ஓராண்டு புதுமுக வகுப்பில் பயின்ற பின்னரே படிவம் ஒன்றுக்குச் சென்றனர். அத்தகைய ஓராண்டைத் தண்டனையாகக் கருதலாகாது. மொழியை ஊன்றிக் கற்கக் கிடைத்த வாய்ப்பாகக் கொள்ளவேண்டும்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், பி.தி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. அதன்பின் எஸ்.பி.எம். தேர்வையே முதற் பொதுத் தேர்வாகச் சந்தித்தோர் பலர். ஆதலின், பள்ளித் தேர்வுத் தாள் ஒவ்வொன்றையும் ஓர் எச்சரிக்கையாகக் கொண்டு ஆராய்வது இன்றியமையாதது.

இராமானுஜன் தரும் பாடம்

கணிதமேதை சீனிவாச இராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதத்திலேயே மூழ்கி, பிற பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும், 1906, 1907ஆம் ஆண்டுகளில் எஃப்.ஏ. தேர்வில் தோல்வியே கண்டார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் பணியேற்றார். 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். 1914இல் அங்குச் சென்றார். 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

பிற பாடங்களைப் புறக்கணித்ததை நாம் பின்பற்றலாகாது. அதற்காக அவர் பட்ட வறுமை கொடியது. பின்பற்றத்தக்கவை இரண்டு. தோல்விக்குப் பின்னும் தம் திறமை எதில் உள்ளது என்பதை அவர் மறக்கவில்லை. புகழ் வந்த பின்னும், தம் முடிவுகளை முறைப்படி நிறுவிக்காட்டும் கலையைக் கேம்பிரிட்ஜில் கற்றுக்கொள்ளத் தயங்கவில்லை. தன் வலிமையையும் குறையையும் ஒருங்கே அறிதலே தன்னாய்வின் பயன்.

செய்யத்தக்கவை

மாணவன் தனியே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்க. வாரம் ஒருமுறை அம்மூன்று வினாக்களுக்கும் விடை எழுதுக. திருத்தப்பட்ட பள்ளித் தேர்வுத் தாளுடன் ஆசிரியரை அணுகி, மதிப்பெண் எங்கே குறைந்தது எனக் கேட்டறிக. ஒரு வாரத்திற்கு ஒரு குறையை மட்டும் எடுத்துத் திருத்துக.

பெற்றோருக்கும் தன்னாய்வு வேண்டும். பிள்ளைக்குப் படிக்க அமைதியான இடம் இருந்ததா? தம்பி தங்கையரைக் கவனிப்பதிலேயே மாலைப்பொழுது கழிந்ததா? இவை பிள்ளையின் கையில் இல்லாதவை. அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு இகழ்வதால் உண்மை வெளிப்படாது; அச்சமே மிகும்.

மலாய்மொழிக்கும் வரலாற்றுக்கும் எஸ்.பி.எம். மறுதேர்வு உண்டு. கைத்தொழிலில் நாட்டமுள்ளோர்க்குத் தொழிற்பயிற்சிக் கழகங்களும் உள்ளன. எவ்வழி தக்கது எனப் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் கலந்து பேசி முடிவு செய்க. பிள்ளையை வேலைக்கு அனுப்பும் முன், அவனை அருகில் அமர்த்தி, “எங்கே தடுமாறினாய்?” என்று பரிவுடன் கேளுங்கள். அவன் கூறும் விடையிலிருந்து அடுத்த முயற்சி தொடங்கட்டும்.