ஆடுபுலி ஆட்டத்துக்கு ஒரு கோட்டை கட்டுவோமா?

கட்டி விளையாடுற பொம்மை ஒரு பக்கம், யோசிச்சு ஆடுற போர்டு கேம் இன்னொரு பக்கம். ரெண்டையும் சேர்க்க முடியுமா? 2009-ல லெகோ கம்பெனி, பலகையையும் பகடையையும் பிள்ளைங்களே கட்டுற மாதிரி விளையாட்டுகளைக் கொண்டு வந்தாங்க. நாம நம்ம ஆடுபுலி ஆட்டத்தையும் செஞ்சிக் கோட்டையையும் வெச்சு யோசிப்போம்.

முதல்ல ஆட்டம்

23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. ஆடுகளை ஒவ்வொண்ணா வைக்கணும்; எல்லாத்தையும் வெச்ச பிறகுதான் நகர்த்தலாம். பக்கத்துல ஆடு இருந்து, அதே கோட்டுல அடுத்த புள்ளி காலியா இருந்தா, புலி தாண்டி வெட்டும். புலிகளை நகர விடாம அடைச்சுட்டா ஆட்டுக்கு ஜெயம். ஒரு ஆடுகூட வெட்டுப்படலைன்னா, பலகையில காலி இடம் அஞ்சே அஞ்சு. அந்த நெருக்கடிதான் இந்த ஆட்டத்தோட உயிர்.

இப்போ கோட்டை

தொண்டூர், செஞ்சி வட்டாரப் பிள்ளைங்களுக்கு இது தினமும் கண்ணுல படுற மலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம்னு மூணு குன்று. மதில் மூணையும் முக்கோணமா இணைக்குது. 1690-ல மொகலாயப் படை முற்றுகையை ஆரம்பிச்சது. கோட்டை விழுந்தது 1698-ல. அதுக்குள்ள உள்ளே இருந்த சத்ரபதி ராஜாராம் தப்பிச்சுட்டார். உள்ளே இருக்கிறவர் புலி, சுத்தி வளைக்கிறவர் ஆடு. பொருந்துதுல்ல?

மதிலுக்கு ஒரு விலை

மதில் வெறும் அலங்காரமா நின்னா, பிள்ளைங்க ஒரு தடவை கட்டிட்டு மறந்துடுவாங்க. கட்டுறதே ஒரு காய் நகர்த்தலா இருக்கணும். அதனால விதி இது: புலி ஆடுறவர், தன் முறையில நகர்த்துறதுக்குப் பதிலா, ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஒரு அட்டை மதில் வைக்கலாம். அந்த வழியா ஆடு வர முடியாது. புலியும் போக முடியாது, தாண்டி வெட்டவும் முடியாது. காப்பாத்துற சுவரே சிறையாவும் ஆகலாம். முற்றுகையோட பாடம் ஒரு வரி சரித்திரம் சொல்லாமலே பிள்ளைக்குப் புரியும்.

ராஜகிரி உச்சிக்குப் போற வழியில ஒரு பிளவும் அதுக்கு மேல பாலமும் இருக்கு. அதே மாதிரி, திறந்து மூடுற ஒரு பாலத் துண்டும் சேர்க்கலாம். அதைத் திறக்கவும் மூடவும் ஒரு முறை செலவாகும்.

சோதிச்சுப் பாருங்க

நாலு மதிலோட ஆரம்பிங்க. பக்கம் மாத்தி மாத்திப் பத்து ஆட்டம் ஆடுங்க. புலியே ஜெயிச்சுட்டு இருந்தா ஒரு மதிலைக் குறைங்க. ஆடே ஜெயிச்சா ஒரு ஆட்டைக் குறைங்க. ஒரு நேரத்துல ஒரு மாற்றம்தான், இல்லைன்னா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் தோக்குறதுதான்னு தோணிட்டா, பிள்ளை எழுந்து போயிடும்.

புளியங்கொட்டை, கூழாங்கல், பழைய அட்டைப்பெட்டி போதும். மூணு வயசுக்குக் கீழ இருக்கிற வாண்டுகள் கைக்கு மட்டும் சின்னக் காய்கள் எட்டக் கூடாது.

இன்னைக்கே கட்டி ஆடிப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!