நீரிழிவுத் துணையுணவுகளும் மயக்க மருந்தும்

திருப்பதி மாவட்டத்தின் தெற்கே, தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது சத்தியவேடு. மாநில எல்லைத் திருத்தத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துடன் சேர்க்கப்பட்ட பகுதி இது. தமிழும் தெலுங்கும் வழங்கும் இவ்வட்டாரத்தார் பெரிய சிகிச்சைக்குத் திருப்பதிக்குச் செல்லலாம், சென்னைக்கும் செல்லலாம். மருந்துச் சீட்டு நோயாளியுடன் செல்லும். சீட்டில் எழுதப்படாமல் அவர் தாமாக வாங்கி உண்ணும் "சர்க்கரைப் பொடி" பற்றி மருத்துவருக்குத் தெரிய வழியில்லை.

நம் நாட்டில் நீரிழிவு உடையோர் சுமார் 10.1 கோடிப் பேர் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. இத்தகைய பொருள்களுக்குச் சந்தை விரிந்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் சட்டத்தின் பார்வையில் இவை அனைத்தும் ஒரே இனம் அல்ல. ஆயுர்வேத, சித்த மருந்துகள் 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்குள் வருகின்றன. துணையுணவுகளோ 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. "மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று" என்னும் அறிவிப்பை உறையில் பொறிக்குமாறு 2016-ஆம் ஆண்டு விதிமுறைகள் பணிக்கின்றன. நீரிழிவைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்துவிட்டது. வாங்குபவர் இவ்வேறுபாடுகளை அறியார். அவர் உடலும் அறியாது.

சிறுகுறிஞ்சான் இதற்குத் தக்க சான்று. இதன் இலையிலிருந்து எடுத்த சாற்றைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்து, 1990-இல் முடிவுகளை வெளியிட்டனர். மாத்திரை உண்டுவந்த 22 பேருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் வரை சாறு அளிக்கப்பட்டது; அவர்களுள் ஐவர் வழக்கமான மாத்திரையையே நிறுத்த முடிந்தது. சிறிய ஆய்வுதான், போலி மருந்துடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டதும் அன்று. எனினும் இதிலிருந்து விற்பனையாளர் கூறாத ஒரு முடிவும் பெறப்படுகிறது. சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் இலைக்கு உண்டெனில், மாத்திரையோடு சேரும்போது அளவுக்கு மீறியும் அது குறைக்கக்கூடும்.

கலப்படம் இதனினும் கொடியது. 2008-இல் சிங்கப்பூரில் ஐந்து மாதங்களுக்குள், நீரிழிவே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை வீழ்ந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர், நால்வர் இறந்தனர். சட்டத்துக்குப் புறம்பாக விற்கப்பட்ட ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்னும் நீரிழிவு மருந்து கலந்திருந்ததே காரணம்.

பெருங்குடலைக் குழாய்வழி உள்நோக்கும் கொலோனோஸ்கோப்பி சோதனையின்போது இந்த ஆபத்து கூர்மையடைகிறது. முதல் நாளே திட உணவு நிறுத்தப்பட்டு, பேதி மருந்தால் குடல் கழுவப்படுகிறது. வெறும் வயிற்றோடு இருக்கும் ஒருவர் வழக்கப்படி பொடியையும் விழுங்கி வந்தால் சர்க்கரை தாழும். பின்னர் மயக்க மருந்து. மிடசோலமும் ஃபென்டனிலும் அரைத்தூக்க நிலையைத் தருவன. தேவைப்பட்டால் இவற்றின் விளைவை மாற்று மருந்து கொண்டு முறிக்கலாம். புரோபோஃபால் ஆழ்ந்த மயக்கம் தந்து விரைவில் தெளியும். அதற்கு முறிமருந்து இல்லை. மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் கண்காணிக்கப் பயிற்சி பெற்றவர் அருகிருத்தல் இன்றியமையாதது. மயக்கமின்றியே சோதனையைத் தாங்குவோரும் உளர். சர்க்கரை வீழ்ச்சியின் அடையாளங்களான குழப்பத்தையும் நாக்குழறலையும் மயக்க மருந்தின் விளைவு என்றே கருதிவிட இடமுண்டு. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பதே ஐயத்தைத் தீர்க்கும் எளிய வழி.

பெயர் தெரிந்த மருந்தாயின் எதை, எத்தனை நாள் முன்னர் நிறுத்துவது என்று மருத்துவர் கணக்கிடுவார். உள்ளடக்கம் தெரியாத பொடிக்கு அவ்வாறு கணக்கிட இயலாது. ஆகவே புட்டியையே எடுத்துச் சென்று காட்டுதல் நலம். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளையும் இன்சுலினையும் மட்டும் தாமாக நிறுத்தலாகாது.

தீய விளைவு நேர்ந்தால் நோயாளியே அதைத் தெரிவிக்கலாம். காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நெறிமுறை ஆணையம் பொதுமக்களுக்கென வகுத்துள்ள படிவம் தமிழிலும் உண்டு, தெலுங்கிலும் உண்டு.