கார்டு தொலைஞ்சா திங்கட்கிழமை வரை காத்திருக்காதீங்க

வெள்ளிக்கிழமை சாயங்காலம். திருச்சுழியில் ஏறி அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்குறீங்க. பையில் பர்ஸைக் காணோம். தேடிக்கிட்டு இருக்கும்போதே செல்போனில் எஸ்எம்எஸ்: உங்கள் கார்டில் ரூ.4,800 செலவு. மறுநாள் இரண்டாம் சனி, அதற்கடுத்து ஞாயிறு. "பேங்க் திறக்கட்டும், நேரில் போய்ச் சொல்லிக்கலாம்" என்று விட்டால், கார்டை எடுத்தவருக்கு நாமே இரண்டு நாள் கொடுத்த மாதிரி.

பின் நம்பர் இல்லாமல் எப்படிப் பணம் போச்சு? அலைக்கோடு குறி உள்ள கார்டை மெஷின் மேல் காட்டினாலே போதும். ஒரு தடவைக்கு ரூ.5,000 வரை பின் கேட்காது. 2021 ஜனவரி 1 முதல் இதுதான் வரம்பு. கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு இரண்டுக்கும் பொருந்தும்.

எனவே முதல் வேலை, வங்கி ஆப்பில் கார்டை முடக்குவது. ஆப் இல்லையென்றால் வங்கியின் இலவச எண்ணுக்கு அழையுங்க. புகாரை 24 மணி நேரமும் வாங்க வேண்டும், புகார் எண் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. அந்த எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்க. முடக்கினால் மகளிர் உரிமைத்தொகை நின்றுவிடுமோ என்று சிலர் தயங்குவாங்க. நிற்காது. பணம் கணக்குக்குத்தான் வருகிறது, நிறுத்துவது கார்டை மட்டும்தான்.

இனி போன பணம். தவறு உங்கள் பக்கமும் இல்லை, வங்கி பக்கமும் இல்லை என்றால், தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை. எஸ்எம்எஸ் வந்த நாள் கணக்கில் சேராது. மேலே சொன்ன வெள்ளிக்கிழமைக்கு, புதன்கிழமை வரை நேரம் உண்டு. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டத்துக்கு ஒரு உச்சவரம்பு: அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு ரூ.5,000, மற்ற சேமிப்புக் கணக்குக்கும் ரூ.5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் ரூ.10,000. அதற்கும் பிறகு என்றால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான். பழைய பாண்டியன் கிராம வங்கி, அதாவது இப்போதைய தமிழ்நாடு கிராம வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதே விதி.

ஆனால் பின் நம்பரைச் சீட்டில் எழுதி கார்டோடவே வைத்திருந்தாலோ, ஏடிஎம்மில் "நான் எடுத்துத் தர்றேன் பாட்டி" என்றவரிடம் சொல்லியிருந்தாலோ கதை வேற. நீங்க புகார் சொல்லும்வரை போன பணம் உங்கள் தலையில். சொன்ன பிறகு போவது முழுக்க வங்கியின் பொறுப்பு. தப்பு நம்மதுதானே என்று கூச்சப்பட்டு வீட்டில் மறைக்கிறவங்கதான் இதில் அதிகம் இழக்கிறாங்க.

வாடிக்கையாளர் சேவை எண்ணை கூகுளில் தேடாதீங்க. போலி எண்கள் நிறைய. சரியான எண் கார்டின் பின்பக்கம் இருக்கும், கார்டுதான் தொலைஞ்சு போச்சே! இதைப் படிக்கும்போதே அதை செல்போனில் சேமித்துவிடுங்க.

வங்கிக்குச் சொன்ன கையோடு 1930-க்கும் அழைத்து சைபர் குற்றப் புகார் பதியுங்க. புகார் சொன்ன 10 வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும்; 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்களால்தான் நடந்தது என்று வங்கி சொன்னால், அதை நிரூபிப்பதும் வங்கியின் வேலை. புகாருக்கு 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.